துரத்தல் எங்கே நிற்கிறது? சிக்லிட் தொட்டியில் சண்டை வந்தால்

"தொட்டியில் ஒரே சண்டை" என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "பெரிய தொட்டி வாங்குங்கள்." சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் சோபா, டிவி, சாமி மாடம், பிள்ளைகளின் படிப்பு மேசை எல்லாம் போக மிஞ்சுகிற சுவரில் மூன்றடித் தொட்டியை நுழைப்பதே பெரும்பாடு. நான்கடி என்று வாயைத் திறந்தால் மீன்களுக்கு முன்னால் வீட்டு மனிதர்களுக்குள் சண்டை வந்துவிடும். ஆகவே இருக்கிற தொட்டியிலேயே என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு. ஒன்றும் செய்ய முடியாத நிலைமைகளும் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

சிக்லிட் என்ற பெயர்தான் நமக்குப் புதிது, மீன் புதிதல்ல. ஊர்க் குளத்து ஜிலேபிக் கெண்டை ஒரு சிக்லிட். கேரளத்துக் கரிமீனும் அதே குடும்பம். ஆண் ஜிலேபி குளத்தடியில் பள்ளம் பறித்துக்கொண்டு வேறு ஆணை அண்டவிடாது. பெண் முட்டைகளை வாயில் வைத்துப் பொரிக்கும். சிராங்கூன் நார்த்திலோ கிளமெண்டியிலோ வெள்ளி கொடுத்து வாங்கி வரும் நீல, மஞ்சள் மீன்களுக்கும் அதே புத்திதான். இடம் பிடிப்பதும் பிடித்த இடத்தைக் காப்பதும் அவற்றின் பிறவிக்குணம். அதை மாற்ற முடியாது. அடி ஒரே மீன்மேல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

எதையும் தொடும் முன் பத்து நிமிடம் பாருங்கள். பக்கத்தில் போய் நிற்காதீர்கள். தீனி வருகிறது என்று எல்லாம் முன்கண்ணாடிக்கு வந்து சமர்த்தாக நிற்கும். கைப்பேசியை எதிரில் சாய்த்து வைத்துப் படம் எடுத்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து பார்ப்பது இன்னும் நல்லது. யார் துரத்துகிறது, யாரைத் துரத்துகிறது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். துரத்துகிற மீன் எந்த இடத்தில் திரும்புகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு கல் தாண்டியதும் திரும்பிவிட்டால் அது எல்லைத் தகராறு, பிழைத்துப் போகலாம். திரும்பாமல் தொட்டி முழுக்க ஒரே மீனை விரட்டினால் அந்த மீனின் உயிருக்கு ஆபத்து. மற்ற எல்லா மீனும் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றால் மறுபக்கம் யாரோ குடும்பம் நடத்துகிறார்கள். ஆள் பார்க்காமல் எல்லாமே சிடுசிடுத்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

ஒரு மீன் மட்டும் மேல் மூலையில் தொங்குகிறது

ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி, துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு ஒரு மீன் நிற்கும். வால் கிழிந்திருக்கும், செதில்கள் சில உதிர்ந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும். தீனி போட்டாலும் கீழே வராது. இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். காலையில் கண் இல்லாத மீனையோ செத்த மீனையோதான் பார்ப்பீர்கள்.

ஏரியில் தோற்ற மீன் சில மீட்டர் நீந்திப் போனால் வென்ற மீன் அதை மறந்துவிடும். தொட்டியில் தோற்ற மீன் போக இடமில்லை. வென்ற மீனின் கணக்கில் அது "போகமாட்டேன்" என்று எதிர்த்து நிற்கும் எதிரி. அதனால்தான் அடி நிற்பதே இல்லை.

அடிபட்டதை முதலில் வெளியே எடுங்கள். தனித் தொட்டி வேண்டும் என்றில்லை. மூடி போட்ட 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, பழைய தொட்டித் தண்ணீர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் போதும். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் உப்பு கரைத்து விடலாம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் கிழிந்த துடுப்பு தானே வளரும். காயத்தின்மேல் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்தால் மட்டும் பூஞ்சை மருந்து.

ஆனால் பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாளில் வேறொரு மீன் அதே மூலையில் தொங்கும். அடிபட்டதை எடுத்தால் சண்டியர் அடுத்த ஆளைத் தேடும், அவ்வளவுதான். சண்டியரையும் பிடித்து ஒரு வாரம் தனியாக வையுங்கள். அந்த வாரத்தில் உள்ளே இருக்கும் கற்கள், பூந்தொட்டி, குழாய் எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். மற்ற மீன்கள் தங்களுக்குள் இடம் பங்கிட்டுக்கொள்ளட்டும். கடைசியாகச் சண்டியரை விடுங்கள். அப்போது அது வீட்டுக்காரன் அல்ல, குடிவந்தவன். பல மீன்கள் இதிலேயே அடங்கிவிடும்.

எல்லாம் அடங்காது. முன்பு ஒரு கடையில் "ஆப்பிரிக்கன் கலப்பு" என்று மட்டும் எழுதியிருந்த தொட்டியிலிருந்து 3 செ.மீ. குஞ்சுகளாகப் பன்னிரண்டு வாங்கினேன். அதில் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்டவை நான்கு. பார்க்க அவ்வளவு அழகு. சில மாதம் கழித்து அவற்றில் ஒன்று கறுக்கத் தொடங்கியது. ஏதோ நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினேன். அது நோயல்ல. அந்த மீன் ஆரட்டஸ். ஆண் தலையெடுக்கும்போது மஞ்சள் போய்க் கறுப்பாகிவிடும். நான் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று மீன்கள் போய்விட்டன. பிடித்துத் தனியே வைத்தேன், கல்லை மாற்றினேன், திரும்ப விட்டேன். பத்து நாள் பரம சாது. பதினோராம் நாள் பழைய வேலை. அப்புறம் கடைக்கே திருப்பிக் கொடுத்தேன். இப்போது பெயர் எழுதாத தொட்டியிலிருந்து நான் மீன் வாங்குவதில்லை.

ஒரு பக்கம் யாரும் போக முடியவில்லை

இரண்டு மீன்கள் ஒன்றையொன்று துரத்தாமல் மற்ற எல்லாவற்றையும் துரத்துகின்றனவா? ஒரு தட்டைக் கல்லையோ கவிழ்த்த பூந்தொட்டியையோ மாறி மாறி வாயால் துடைக்கின்றனவா? வயிற்றுக்கடியில் சிறு குழல் நீட்டிக்கொண்டிருக்கிறதா? முட்டை வரப்போகிறது, அல்லது வந்துவிட்டது. கான்விக்ட், ஜாக் டெம்ப்சி, டெக்ஸஸ், ஏஞ்சல், ராம் எல்லாம் இப்படித்தான். 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சியின் பெயரை ஒரு மீனுக்கு வைத்திருக்கிறார்கள் என்றால் அதன் கோபத்தை யோசித்துப் பாருங்கள். ஆனால் முட்டை காக்கும் கான்விக்ட் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய மீனையும் ஓட்டிவிடும்.

முட்டை பொரிய ஏறத்தாழ மூன்று நாள். குஞ்சுகள் நீந்தத் தொடங்க இன்னும் சில நாள். அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் காவல் தொடரும். மூன்றடித் தொட்டியில் அவர்கள் ஒரு பாதியைக் கேட்பார்கள்; இரண்டடித் தொட்டியில் அநேகமாக முழுவதையும் கேட்பார்கள்.

தடுப்புப் போடலாம். மேற்கூரை விளக்குக்குப் போடும் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டியை அளவாக வெட்டி நிறுத்தினால் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடும், மீன் ஓடாது. முட்டையை எடுத்துவிடலாம், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி இடும். ஜோடியில் ஒன்றை வேறு தொட்டிக்கு மாற்றினால்தான் நிரந்தரத் தீர்வு. குஞ்சுகளை வளர்த்துக் கடையில் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கான்விக்ட் குஞ்சு என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் கடை அங்கிள் கையை விரிப்பார்.

இருந்தாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு முறையாவது அந்த ஜோடிக்கே தொட்டியை விட்டுக்கொடுத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்ததும் சிதறிக் கிடக்கும் குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுவந்து பள்ளத்தில் துப்புவதைப் பார்த்தால் டிவி பக்கம் கண் போகாது.

தனியே விட்ட ஜோடியில் ஆண் பெண்ணையே அடிப்பதும் நடக்கும். வெளி எதிரி இல்லாவிட்டால் வீட்டுக்குள் தகராறு. ஜயன்ட் டானியோ போல வேகமாக மேல்மட்டத்தில் சுற்றும் மீன்கள் ஆறேழு விட்டால் கோபம் அந்தப் பக்கம் திரும்பும், அவை சிக்காது. நியான் டெட்ரா விடாதீர்கள், அது இரவு உணவு.

வாயோடு வாய் கவ்வி இழுக்கின்றன

பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. பக்கவாட்டில் நின்று துடுப்பை விரித்துக் காட்டும், வாலால் தண்ணீரை அடித்து அனுப்பும், செவுளை விரிக்கும், கடைசியில் வாயைக் கவ்வும். சம பலம் உள்ளவை தங்களுக்குள் மூத்தவன் யார் என்று முடிவு செய்யும் முறை அது. நடுவில் வலையை விட்டுக் கலைத்தால் முடிவு தெரியாமல் நாளைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒன்று துடுப்பை மடக்கி நிறம் மங்கி ஒதுங்கினால் ஆட்டம் முடிந்தது. வென்றது அங்கேயே விட்டுவிட்டால் சரி. விடாமல் துரத்தினால் மேலே சொன்ன முதல் நிலைமை.

நாள்தோறும் இது நடந்தால், அல்லது ஒன்றின் தாடை கோணியிருந்தால் பிரித்துவிடுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு ஆண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இனம் வேறானாலும் நிறம் ஒத்துப்போனால் போட்டியாளராகத்தான் எடுத்துக்கொள்ளும். 5 செ.மீ.யில் ஜோடியாக வாங்கிய ஆஸ்கர்கள் ஒரு வயதை ஒட்டிப் பருவத்துக்கு வரும்போது முட்டிக்கொள்வதும் வழக்கம். அந்த வயதில் ஒவ்வொன்றும் 25, 30 செ.மீ. இருக்கும். மூன்றடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கருக்கு வழி இல்லை.

ஆண், பெண்களை விரட்டியே கொல்கிறது

மலாவி ஏரியின் பாறை மீன்களான எம்புனாவில் அடிக்கடி வரும் புகார். ஓர் ஆண், ஒரு பெண் என்று "ஜோடி" வாங்கியிருப்பீர்கள். இவை ஜோடி சேர்ந்து வாழும் மீன்கள் அல்ல. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் வேண்டும். ஆண் எது என்று தெரிவதே சிக்கல். கென்யி என்ற மீனில் குஞ்சும் பெண்ணும் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். நீலமாக வாங்கியதில் ஒன்று மஞ்சளானால் சந்தேகமே வேண்டாம்.

எம்புனாவில் இன்னொரு தந்திரம் உண்டு: மீன்களைக் குறைப்பதற்குப் பதில் கூட்டுவது. ஐந்து மீன் இருக்கும் தொட்டியில் அடி வாங்குவது ஒருவர். இருபது இருந்தால் யாரைத் துரத்துவது என்று சண்டியருக்கே குழப்பம் வந்துவிடும். 240 லிட்டர் பிடிக்கும் நான்கடித் தொட்டியில் இருபது சிறு எம்புனா செய்யக்கூடியதுதான். ஆனால் ஃபில்டர் வலுவாக இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். சோம்பேறிகளுக்கு இது ஒத்துவராது. முக்கியமாக, இதை அமெரிக்க சிக்லிட்களிடம் செய்யாதீர்கள். டெக்ஸஸ், ரெட் டெவில் போன்றவை கூட்டத்தைக் கண்டு குழம்பாது, ஒவ்வொன்றாக முடிக்கும்.

புதிதாக விட்டது மட்டும் அடிபடுகிறது

ஒற்றை மீனைப் பகலில், விளக்கு எரியும்போது, பழைய கற்களுக்கு நடுவே விட்டிருப்பீர்கள். மூன்று நான்கு மீன்களை ஒன்றாக விடுங்கள். அளவில் பழையவற்றுக்குச் சமமாகவோ சற்றுப் பெரிதாகவோ இருக்கட்டும். மாலையில் கற்களை எல்லாம் கலைத்து அடுக்குங்கள். பழையவற்றுக்கு வயிறார தீனி போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் புதியவற்றை விடுங்கள், மறுநாள் காலைவரை விளக்கைப் போடாதீர்கள். இதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கற்களைக் கலைப்பதைச் செய்யுங்கள். சொந்த வீடு எது என்று யாருக்கும் தெரியாதபோது, குடிவந்தவன் யார் என்றும் தெரியாது.

கல் அடுக்கும்போது மணலுக்கு மேல் வைக்காதீர்கள். சிக்லிட் தோண்டும், கல் சரியும், கண்ணாடி விரியும். முதலில் கல் அடிக்கண்ணாடியைத் தொட்டு நிற்க வேண்டும், அப்புறம் மணல். நடுவில் உயரமாக அடுக்கினால் ஒரு முனையில் இருப்பதற்கு மறுமுனை தெரியாது. துரத்தல் சீக்கிரம் நிற்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

நேற்றுவரை ஒழுங்காக இருந்தவை இன்று எல்லாமே சிடுசிடுக்கின்றன

மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதித்துப் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஊரில் செய்வது போல வாளியில் பிடித்து ஓரிரவு வைத்துவிட்டு ஊற்றுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமின். குளோரின் போல அது ஓரிரவில் பறந்துபோகாது. குளோரமினைக் கட்டுப்படுத்தும் என்று எழுதியிருக்கும் மருந்தைத்தான் ஊற்ற வேண்டும்.

அடுத்தது வெப்பம். மேற்கு பார்த்த வீட்டில் பிற்பகலில் தொட்டி 31 டிகிரி தொடுவது இங்கே சாதாரணம். சூட்டில் மீன்களின் உடல் வேகம் கூடும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். இரண்டும் சேர்ந்தால் கோபத்துக்குக் கேட்கவா வேண்டும்? நீர்மட்டத்தின்மேல் ஒரு சிறு விசிறியைத் திருப்பிவிடுங்கள், காற்றுக்குழாய் ஓடட்டும், தீனியைக் குறையுங்கள்.

தண்ணீரும் சூடும் சரியாக இருந்தால், சமீபத்தில் ஏதாவது மீன் செத்ததா என்று யோசியுங்கள். மூத்த ஆண் போய்விட்டால் காலியான இடத்துக்குச் சில நாள் போட்டி நடக்கும். அல்லது தீபாவளிக்கு வந்த விருந்தாளிகளின் பிள்ளைகள் நள்ளிரவுவரை கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். இரண்டுமே தானாக அடங்கும்.

மலாவி மீன்களுக்குக் கடினமான நீர் வேண்டும், பிஎச் 7.7 முதல் 8.6 வரை. நம் குழாய் நீர் மென்மையானது. ஃபில்டரில் பவளத் துண்டுகள் போட்டு வைத்தால் பிஎச் சரியாது. டிஸ்கஸுக்கும் ராமுக்கும் இதற்கு நேர்மாறு. அவற்றை மலாவி மீன்களோடு விட்டால், சண்டையே போடாவிட்டாலும் ஒரு தரப்புக்கு எப்போதும் தண்ணீர் பொருந்தாது.

சாப்பிடாமல் ஒதுங்கி நிற்கிறது

தொண்டை உப்பி, எதையோ மெல்வது போல வாயசைத்தால் பெண் மீனின் வாயில் முட்டை இருக்கிறது. மூன்று வாரம் போலச் சாப்பிடாது. தனிப் பெட்டியில் வைத்தால் நல்லது. வயிறு உப்பி, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் நோய். பாசி தின்னும் எம்புனாவுக்கு இரத்தப் புழுவைத் தினமும் போட்டால் இது வரும், அடிவாங்கும் மன உளைச்சலிலும் வரும். இரண்டும் இல்லையென்றால் யாரோ அடிக்கிறார்கள். மறுபடி பத்து நிமிடம் உட்காருங்கள்.

கண்ணாடியையே முட்டுகிறது

கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தோடு சண்டை. பக்கக் கண்ணாடியில் வெளிப்புறமாகத் தாள் ஒட்டுங்கள். உங்கள் விரலைத் துரத்தும் லோஹானுக்கு மட்டும் இது பொருந்தாது. மலேசியாவில் 1990களில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட அந்த மீனை வாங்குகிறவர்கள் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். அது தனியாகவே இருக்க வேண்டிய மீன்.

எதுவும் பலிக்கவில்லை

சில கூட்டுகள் சேரவே சேராது. ரெட் டெவில், ஜாகுவார் இரண்டும் எதனோடும் சேராது. ஆஸ்கரோடு எம்புனா வேண்டாம். சாதுவான எலெக்ட்ரிக் யெல்லோவை ஆரட்டஸோடு விடாதீர்கள். "குஞ்சிலிருந்து ஒன்றாக வளர்ந்தால் பழகிவிடும்" என்று கடையில் சொல்வது பருவம் வரும்வரைதான் உண்மை. பெரிய தொட்டிதான் வழி என்று முடிவெடுத்தால், தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்த்து நான்கடித் தொட்டி 300 கிலோவைத் தாண்டும் என்பதை நினைவில் வைத்து, வீவக தரை எவ்வளவு தாங்கும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேண்டாத மீனைக் கடைக்கே கொடுக்கலாம், வளர்க்கும் நண்பருக்குக் கொடுக்கலாம். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடக்கூடாது. சட்டப்படி அது குற்றம். பீகாக் பாஸ், மாயன் சிக்லிட் என்று நம் நீர்த்தேக்கங்களில் ஏற்கெனவே குடியேறிவிட்ட அயல்நாட்டுச் சிக்லிட்கள் போதாதா?

கொண்டுபோகும் நாளுக்கு முந்தைய நாள் தீனி போடாதீர்கள், பைத் தண்ணீர் அழுக்காகாது. அப்புறம், இரண்டு மீன் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு பை கொண்டுபோங்கள். நான் ஒரு முறை பை மிச்சம் பிடித்து, பேருந்தில் மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள் பை ஓட்டையாகி என் மடி முழுக்கத் தண்ணீர்.